ஸ்கீ தெரியாத ஆசிரியர் பள்ளியில் க்ராஸ் கன்ட்ரி ஸ்கீ தொடங்க முடியுமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறீர்கள். பள்ளிக்குப் பின்னால் பெரிய புல்வெளி இருக்கிறது. வரும் குளிர்காலத்தில் க்ராஸ் கன்ட்ரி ஸ்கீ (நீளமான பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனியில் வழுக்கிப் போகும் விளையாட்டு) தொடங்கலாம், நீங்களே பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். நீங்களோ மதுரையில் வளர்ந்தவர், ஸ்கீயில் ஒரே ஒரு முறைதான் நின்றிருக்கிறீர்கள். எத்தனை செட் வாங்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. எனக்கே தெரியாத ஒன்றை நான் பிள்ளைகளுக்கு நடத்தலாமா? நடத்தினால், இரண்டாவது வருடமே நின்றுபோகாமல் இருக்குமா? செலவுக் கணக்கு இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது.

மினியாபொலிஸ் பக்கத்துப் பள்ளிகளில் பல குளிர்காலங்களாக உடற்கல்வி வகுப்பிலும் பள்ளி அணியிலும் ஸ்கீ சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் பழகியது சமவெளியும் சின்ன மேடுகளும்தான். எனவே நான் சொல்வதைச் சமவெளிப் பள்ளிக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்துச் சரிவு உள்ள இடத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளே வேறு. அதேபோல் காப்பீடு, பெற்றோர் கையெழுத்து, பேருந்து ஆகியவற்றில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் தனி விதி உண்டு. அதை உங்கள் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், என் சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, வகுப்பா அணியா என்பது. இங்கே 'ஸ்கீ ப்ரோக்ராம்' என்றாலே பலரும் போட்டி அணியைத்தான் நினைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. மினசோட்டாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை நார்டிக் ஸ்கீ சீசன் நடக்கிறது. க்ராஸ் கன்ட்ரிக்கு இங்கே வழங்கும் இன்னொரு பெயர்தான் நார்டிக். மாநிலப் போட்டி நெடுங்காலமாக பிவாபிக்கில் உள்ள ஜயன்ட்ஸ் ரிட்ஜ் ஸ்கீ மையத்தில் நடந்து வந்திருக்கிறது. ஏழாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி அணியில் சேர முடியும். இதே மாநிலத்தின் ஆஃப்டன் ஊர்ப் பெண் ஜெஸ்ஸி டிகின்ஸ், 2018 ப்யோங்சாங் ஒலிம்பிக்கில் கிக்கன் ராண்டலுடன் சேர்ந்து, இருவர் மாறி மாறி ஓடும் டீம் ஸ்பிரின்டில் தங்கம் வென்றார். க்ராஸ் கன்ட்ரி ஸ்கீயில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அதற்கு முன் ஒலிம்பிக்கில் இருந்ததெல்லாம் 1976இல் பில் கோக் வாங்கிய ஒரு வெள்ளிதான். இங்குள்ள பிள்ளைகளுக்கு டிகின்ஸின் பெயர் நன்றாகத் தெரியும். உங்கள் முதல்வர் மனதிலும் ஒருவேளை அணிதான் இருக்கலாம்.

ஆனாலும் முதல் வருடம் அணி வேண்டாம், பள்ளி நேரத்துக்குள் நடக்கும் வகுப்பாகவே தொடங்குங்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பள்ளி விட்ட பிறகு நடக்கும் கிளப்புக்கு யார் வருவார்கள்? வீட்டில் ஏற்கெனவே ஸ்கீ வைத்திருப்பவர்கள், ஐந்து மணிக்குக் கார் கொண்டு வந்து கூட்டிப்போக அப்பாவோ அம்மாவோ இருப்பவர்கள். மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளை வராது. பள்ளிப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லாத பிள்ளையும் வராது. பள்ளி நேரத்தில் நடத்தினால் எல்லோரும் வருவார்கள். பள்ளியின் பணத்தில் வாங்கிய பொருள் எல்லோர் காலிலும் ஏற வேண்டும் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். அணி இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ தானாகக் கேட்டு வரும்.

சரி, உங்களுக்கே ஸ்கீ தெரியாதே என்ற கவலைக்கு வருவோம். ஆரம்ப வகுப்பு நடத்த நன்றாக ஸ்கீ ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சமதரையில் வழுக்கிப் போகவும், விழுந்தால் எழவும், சின்ன மேட்டில் ஏறவும், இறங்கும்போது பின்பக்கத்தைப் பரப்பி, முன்முனைகளைச் சேர்த்து வேகம் குறைக்கவும் தெரிந்தால் போதும். பெரியவர்களுக்கான வகுப்பில் ஒரு குளிர்காலம் ஒழுங்காகப் போனால் இது வந்துவிடும். ஆனால் தனியாக நடத்தவே முடியாது. இருபத்தைந்துக்கு மேல் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவர் முன்னால் நின்று காட்ட வேண்டும், ஒருவர் பின்தங்குபவர்களோடு வர வேண்டும், ஒருவர் பூட்ஸ் மாட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஆக மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவராவது ஸ்கீ நன்கு தெரிந்தவராக இருக்கட்டும்.

அந்தத் தெரிந்தவரை எங்கே பிடிப்பது? பக்கத்து உயர்நிலைப் பள்ளி அணியின் பயிற்சியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அவர் வராவிட்டாலும், நேரம் ஒத்துவந்தால் அணிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை அனுப்புவார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பதினாறு வயது அக்காவோ அண்ணனோ சொல்லிக்கொடுத்தால் ஏறுகிற வேகம், நாம் சொன்னால் வராது. மினசோட்டா யூத் ஸ்கீ லீக் என்று ஒன்று இருக்கிறது. ஊர் ஊராகப் பெற்றோரே தன்னார்வலர்களாக நடத்தும் சிறுவர் கிளப்புகள் அவை. உங்கள் பகுதியில் ஒன்று இருந்தால் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பாருங்கள். பாடம் எப்படி ஓடுகிறது என்று ஒரே மதியத்தில் புரிந்துவிடும். நகருக்குள் இருந்தால் மினியாபொலிஸ் தியடோர் வர்த் பூங்காவில் உள்ள லோப்பெட் அமைப்பையும் கேளுங்கள், பள்ளிப் பிள்ளைகளோடு நிறைய வேலை செய்பவர்கள்.

இரண்டாவது வருடமே நின்றுபோகுமா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. பனி இல்லாமல் நின்றுபோன பள்ளிகளைவிட, ஆர்வமாகத் தொடங்கிய ஒரே ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறியதும் நின்றுபோன பள்ளிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஸ்கீ எல்லாம் கிடங்கில் அப்படியே கிடக்கும். எந்தச் சாவி எங்கே, எந்தப் பூட்ஸ் எந்த அளவு என்று யாருக்கும் தெரியாது. எனவே முதல் நாளிலிருந்தே உடற்கல்வி ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே, பள்ளிக் கட்டடத்தைப் பராமரிப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒத்துழைப்பு இல்லாமல் கிடங்கு, புல்வெளி, ஈரப் பூட்ஸ் உலர்த்த ஓர் அறை, இவை எதுவும் நடக்காது.

இப்போது பொருள். க்ராஸ் கன்ட்ரியில் இரண்டு முறைகள் உண்டு. க்ளாசிக்கில் இரண்டு ஸ்கீயும் இணையாக, நடையின் போக்கிலேயே முன்னும் பின்னும் போகும். ஸ்கேட் முறையில் ஐஸ் தரையில் ஸ்கேட் ஓட்டுவதுபோல் பக்கவாட்டில் உதைத்துப் போக வேண்டும், அதற்கு நன்றாக அமுக்கிய அகலமான தடம் தேவை. பள்ளிப் புல்வெளிக்கு க்ளாசிக்தான். அதிலும் மெழுகு பூச வேண்டிய வகை வேண்டாம். அடிப்பாகத்தின் நடுவில் மீன் செதில் போல வரிகள் செதுக்கிய வகை கிடைக்கிறது. முன்னே வழுக்கும், பின்னே நழுவாமல் பிடிக்கும். வெப்பநிலை மாறும்போதெல்லாம் மெழுகு மாற்றத் தேவையில்லை. நாற்பது நிமிட வகுப்பில் மெழுகுக்கு நேரமே கிடையாது.

எந்த வகுப்பையும் கெடுப்பது பூட்ஸ்தான். ஸ்கீ ஐந்து சென்டிமீட்டர் நீளமோ குட்டையோ ஆனால் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். பூட்ஸ் அரை அளவு இறுக்கமானால் விரல் மரத்துப்போகும், அந்தப் பிள்ளை இனி ஸ்கீ பக்கமே வராது. நடுநிலைப் பள்ளி வயதில் கால் அளவு பயங்கரமாகச் சிதறிக் கிடக்கும். ஒரே வகுப்பில் ஐரோப்பிய அளவு 34 முதல் 43 வரை பார்க்கலாம். எனவே வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பூட்ஸ் வாங்குங்கள். ஸ்கீ பிள்ளைகளின் எண்ணிக்கையில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். 28 பேர் வகுப்பு என்றால், என் கணக்கில் 34, 35 ஜோடி பூட்ஸ், 16 ஜோடி ஸ்கீ. பாதிப் பேர் ஸ்கீயில் இருக்கும்போது மீதிப் பேர் பனியில் வேறு விளையாட்டு விளையாடட்டும், இருபது நிமிடத்தில் மாற்றிக்கொள்ளட்டும். பூட்ஸை மட்டும் எல்லோரும் வகுப்பு தொடங்கும்போதே மாட்டிவிட வேண்டும்.

இந்தக் கணக்கு நடக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு, எல்லாப் பூட்ஸும் எல்லா ஸ்கீயிலும் மாட்ட வேண்டும். ஸ்கீயின் நடுவில் பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங்கில் பல தலைமுறைகள் இருக்கின்றன. ஒன்றின் பூட்ஸ் மற்றதில் ஏறாது. இப்போது பரவலாகக் கிடைப்பது என்என்என் வகை. புரோலிங்க், டர்னாமிக் என்ற பெயரில் வருபவையும் அந்தப் பூட்ஸை ஏற்கும். பழைய எஸ்என்எஸ் வகையும், அதற்கும் முந்தைய மூன்று முள் வகையும் தனித்தனி. பள்ளி ஸ்கீ தொடங்குகிறது என்று ஊரில் செய்தி பரவினால் போதும், எல்லோர் வீட்டுக் கிடங்கிலிருந்தும் பழைய ஸ்கீ வந்து குவியும். நன்றி சொல்லி, என்என்என் அல்லாதவற்றை வாங்காதீர்கள். மனசு கேட்காது, ஆனாலும் வாங்காதீர்கள். மூன்று வகை பைண்டிங் கலந்த கிடங்கில் ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் ஜோடி தேடுவதிலேயே போய்விடும். தொடக்கப் பள்ளிக்கு மட்டும் வேறொரு வழி உண்டு. சாதாரணக் குளிர்காலப் பூட்ஸோடு பட்டையால் கட்டிக்கொள்ளும் பைண்டிங். சின்னப் பிள்ளைகளுக்கு அது அருமையானது. உங்கள் பிள்ளைகளின் எடைக்கும் வேகத்துக்கும் அது தள்ளாடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்கீயின் நீளத்தை உயரம் பார்த்து எடுப்பதுதான் வழக்கம், ஆனால் எடைதான் உண்மையில் முக்கியம். ஸ்கீ நடுவில் வில்லாக வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் நடுப்பகுதி தரையைத் தொடக்கூடாது, ஒரு காலில் முழு எடையும் போட்டு மிதித்தால் தொட வேண்டும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. மரத்தரையில் பிள்ளையை ஸ்கீ மேல் நிற்கவைத்து, பாதத்துக்கு நேர் கீழே, ஸ்கீக்கும் தரைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். இரு காலில் நிற்கும்போது காகிதம் நகர வேண்டும், எடையை அந்த ஒரு காலுக்கு மாற்றினால் சிக்கிக்கொள்ள வேண்டும். சிக்கவே இல்லையென்றால் அந்த ஸ்கீ அந்தப் பிள்ளைக்கு விறைப்பு அதிகம், உதைக்கும்போதெல்லாம் பின்னால் நழுவும். கற்றுக்கொள்பவர்களுக்குச் சற்றுக் குட்டையானதே நல்லது, திருப்ப எளிது.

கையில் பிடித்து ஊன்றும் கோல்களை முதல் வருடம் வாங்காமலேகூட இருக்கலாம். இதைக் கேட்டால் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கையில் கோல் இருந்தால் பிள்ளை அதில் சாய்ந்து நிற்கும், காலின் சமநிலை வராது. கோல் இல்லாவிட்டால் உடம்பே வழி கண்டுபிடிக்கும். அதோடு, முனை கூரான கோலோடு 28 பேர் ஓடிப்பிடித்து விளையாட முடியாது. பிறகு வாங்கும்போது க்ளாசிக்குக்குத் தோள்பட்டை உயரம் சரி. நீளத்துக்கு ஒரு நிறம் என்று டேப் ஒட்டிவிடுங்கள்.

விலை என்று பார்த்தால், ஒரு பிள்ளைக்கான புதிய செட் கடையில் சுமார் 200 முதல் 300 டாலர் வரை ஆகும். பழையது அதில் பாதிக்கும் குறைவு. இலையுதிர் காலத்தில் ஊர்தோறும் ஸ்கீ ஸ்வாப் நடக்கும், பழைய பொருளை விற்கவும் வாங்கவும் கூடும் சந்தை அது. பூட்ஸுக்கு அதுதான் சிறந்த இடம், ஏனென்றால் பிள்ளைகளின் கால் ஒரே சீசனில் வளர்ந்துவிடும், பெரும்பாலான பூட்ஸ் தேயாமலேயே விற்பனைக்கு வரும். சில கடைகள் சீசன் முழுக்க வாடகைக்கும் தருகின்றன. முதல் வருடம் பரீட்சார்த்தமாகச் செய்ய விரும்பினால் அதுவும் நல்ல வழிதான். ஆனால் வாடகைச் செட் மார்ச்சில் திரும்பிப் போய்விடும், அடுத்த வருடம் மறுபடி நிதி கேட்டு நிற்க வேண்டும். சொந்தமாகக் கொஞ்சம் பூட்ஸ் இருக்கும் பள்ளியில் இது நிலைத்து நிற்கும் என்பது என் அனுபவம். அனுபவம் மட்டும்தான், நிரூபிக்கக் கணக்கு எதுவும் என்னிடம் இல்லை.

முதல் வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளியே வந்ததும் பாதிப் பேர் "பைண்டிங் உடைந்திருக்கிறது" என்பார்கள். உடைந்திருக்காது. பூட்ஸின் முன்முனைக்கு அடியில் ஒரு சின்ன இரும்புக் கம்பி இருக்கிறது, அதுதான் பைண்டிங்கில் போய்க் கிளிக் என்று உட்கார வேண்டும். கதவிலிருந்து புல்வெளி வரை நடந்து வந்ததில் அந்தக் கம்பியைச் சுற்றிப் பனி அப்பிக்கொண்டு கட்டியாகியிருக்கும். ஒரு ஸ்க்ரூட்ரைவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுரண்டிவிடுங்கள். அடுத்த வகுப்பிலிருந்து பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சுரண்டிக்கொள்வார்கள். பூட்ஸ் ஏறியதும் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டச் சொல்லுங்கள். மற்றக் காலால் உந்தி, ஸ்கீ இருக்கும் காலில் எவ்வளவு தூரம் வழுக்க முடிகிறது என்று பார்க்கட்டும். அப்புறம் கால் மாற்றி. க்ராஸ் கன்ட்ரி ஸ்கீயின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஓடுகிற ஒரே ஸ்கீயின் மேல் முழு உடம்பையும் நிறுத்துவது. ஒலிம்பிக் வரை போகிறவர்களும் இந்தப் பயிற்சியை விடுவதில்லை.

அடுத்து விழப் பழக்குங்கள். எல்லோரையும் வேண்டுமென்றே விழச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி ஸ்கீ இரண்டையும் வானத்தில் இணையாக்கி, ஒரு பக்கமாகப் புரண்டு, மண்டியிட்டு, எழ வேண்டும். சரிவில் விழுந்தால் ஸ்கீ சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழும்போதே ஓடிவிடும். விழுவதே பாடமாகிவிட்டால் விழுந்ததற்கு யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அந்த வயதில் உடம்பு வலியைவிட அதுதான் பெரிய பயம். அதற்குப் பிறகு விளக்கத்தை நிறுத்திவிட்டு ஒரு பந்தைப் போடுங்கள். ஸ்கீயோடு கால்பந்து, ஓடிப்பிடித்தல், கொடி பறித்தல் எதுவானாலும் சரி. பந்தின் பின்னால் ஓடும் பிள்ளை திரும்பவும் நிற்கவும் தானே கற்றுக்கொள்கிறது.

ஒரு சின்ன மேடு வேண்டும் என்று பராமரிப்பவரிடம் கேளுங்கள், ஆள் உயரம் போதும். ஆனால் கார் நிறுத்துமிடத்தில் வழித்த பனியைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் உப்பும் மணலும் கலந்திருக்கும், ஸ்கீயின் அடிப்பாகம் கிழிந்துவிடும். புல்வெளிப் பனியையே குவிக்கச் சொல்லுங்கள்.

புல்வெளி என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வரம். கல்லும் வேரும் உள்ள காட்டுத் தடத்துக்கு முப்பது சென்டிமீட்டர் பனி தேவைப்படும் இடத்தில், கடைசியாக ஒருமுறை ஒட்ட வெட்டிய புல்வெளியில் அமுக்கிய பனி பத்து, பதினைந்து சென்டிமீட்டர் இருந்தாலே ஓட்டலாம். அமுக்குவது முக்கியம். புதுப்பனி பஞ்சாக இருக்கும்போது அதில் காற்றுதான் அதிகம், அமுக்கினால் இறுகும், இறுகினால் சீக்கிரம் உருகாது. பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலுக்குப் பின்னால் ஒரு கனமான சட்டத்தைக் கட்டி இழுப்பதுதான் வழக்கம். அது இல்லாவிட்டால் ஒரு வகுப்பையே ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலமான காலணி) போட்டு வரிசையாக மிதிக்கவைத்தாலும் 300, 400 மீட்டர் வளையம் ஒன்று தயாராகிவிடும். இரவு விட்டுவிட்டால் காலையில் கெட்டியாக இருக்கும். கட்டடத்தின் வடக்குப் பக்க நிழலில் பனி அதிக நாள் நிற்கும், வளையத்தை முடிந்தவரை அந்தப் பக்கம் போடுங்கள். நாயோடு நடக்க வருபவர்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகை வையுங்கள். பனியில் பதிந்த காலடி இரவில் உறைந்தால் மறுநாள் அது பள்ளம்தான்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம், பனி. முன்பெல்லாம் டிசம்பரில் தொடங்கலாம் என்பார்கள். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். 2023-24 குளிர்காலம் எங்கள் எல்லோருக்கும் பாடம். 2024 பிப்ரவரியில் தியடோர் வர்த் பூங்காவில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது, 2001க்குப் பிறகு அமெரிக்க மண்ணில் முதல் முறையாக. அதற்கான தடம் இயந்திரப் பனியால் போட்டது. அதே மாதம் விஸ்கான்சினில் நடக்கும் அமெரிக்கன் பிர்க்கிபைனர், ஐம்பது கிலோமீட்டர் காட்டுப் பாதையில் ஓட வேண்டிய பந்தயம், இயந்திரப் பனி போட்ட 10 கிலோமீட்டர் வளையத்தில் சுற்றிச் சுற்றி நடந்தது. அவ்வளவு பெரிய பந்தயங்களுக்கே அந்த நிலை. ஆகவே உங்கள் பாடத்தை ஜனவரி நடுவிலிருந்து மூன்று வாரம் என்று திட்டமிடுங்கள், முன்னும் பின்னும் நகர்த்த உடற்கல்வி ஆசிரியரோடு பேசி வையுங்கள். பனியே இல்லாவிட்டால் ஒரு நாள் சுற்றுலாவாக இயந்திரப் பனி உள்ள இடத்துக்குப் போகலாம். நகரைச் சுற்றி வர்த் பூங்கா, ப்ளூமிங்டனில் ஹைலேண்ட் ஏரிப் பூங்கா, மேப்பிள் க்ரோவ் பக்கம் எல்ம் க்ரீக் மூன்றிலும் உண்டு. மாநிலத் தடங்களுக்கும் மானியம் பெற்ற தடங்களுக்கும் போனால் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு கிரேட் மினசோட்டா ஸ்கீ பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். பிள்ளைகளுக்கு வேண்டாம், உங்களுக்கும் உதவிக்கு வருபவர்களுக்கும் வேண்டும். பூங்காக்களில் தனிக் கட்டணம் இருக்கலாம், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றி நான் மிகவும் கண்டிப்பானவன். பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ் குளிரில், மணிக்கு 15 மைல் காற்றடித்தால், மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறையலாம். உலகப் போட்டிகளே மைனஸ் 20 செல்சியஸுக்குக் கீழே போனால் நடப்பதில்லை. உங்கள் பள்ளியில் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விட ஒரு வெப்பநிலை வரம்பு ஏற்கெனவே இருக்கும். ஸ்கீ வகுப்புக்கும் அதையே வையுங்கள், ஒரு டிகிரிகூடத் தளர்த்தாதீர்கள். கடுங்குளிரில் பனியும் மணல் மாதிரி ஆகிவிடும், ஸ்கீ வழுக்காது, பாடமும் நடக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே உள்ளே அனுப்புங்கள். பனிக்கடியின் ஆரம்பம் அது. தேய்க்கக் கூடாது, வெதுவெதுப்பில் வைக்க வேண்டும்.

மினசோட்டாவில் சோமாலி, தென்கிழக்காசிய மாங், லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளியில் குளிரில் விளையாடுவது பல வீடுகளில் பழக்கமில்லை. 'பனி உடை கொண்டு வரவும்' என்று ஒரு வரி அனுப்பினால் போதாது. பருத்திக் காலுறை வேண்டாம், ஈரமானால் குளிரும். கம்பளியோ பாலியெஸ்டரோ போடட்டும். ஐந்து விரல் கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன் சூடு. இதை அந்தந்த மொழியில் எழுதி அனுப்புங்கள், உங்கள் மாவட்டத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள். ஹிஜாபும் நீளமான பாவாடையும் ஸ்கீக்குத் தடையே இல்லை, உள்ளே ஒரு பனிப் பேன்ட் இருந்தால் போதும். இதையும் வெளிப்படையாக எழுதுங்கள், இல்லாவிட்டால் சில பெண் பிள்ளைகள் கேட்காமலே ஒதுங்கிவிடுவார்கள். கதவருகே ஒரு பெட்டி நிறைய மிட்டனும் காலுறையும் தொப்பியும் வைத்துவிடுங்கள். யார் எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். பட்ஜெட் இடித்தால் ஸ்கீயில் இரண்டு ஜோடியைக் குறைத்துக்கொண்டு இந்தப் பெட்டியை நிரப்புங்கள் என்றே சொல்வேன்.

மெழுகு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வரிகள் செதுக்கிய ஸ்கீக்கும் முன்பின் பகுதிகளில் வழுக்கு மெழுகு அவ்வப்போது தேய்க்கலாம், சாதாரண ஹைட்ரோகார்பன் மெழுகு போதும். நன்கொடைப் பெட்டியில் பழைய ஃப்ளோரின் மெழுகு வந்தால் தொடாதீர்கள். உடம்பிலும் மண்ணிலும் அழியாமல் தங்கும் வேதிப்பொருள் அது. சர்வதேசப் போட்டிகளில் 2023-24 சீசனிலிருந்து தடை, மினசோட்டாவில் 2025 ஜனவரி 1 முதல் விற்கவே தடை. கவுன்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

அணி எப்போது என்றால், வகுப்பில் கற்ற பிள்ளைகள் மாலையிலும் ஓட்டலாமா என்று கேட்கும்போது. அப்போதும் சொந்த அணிதான் வேண்டும் என்றில்லை. ஆள் குறைவாக இருக்கும் பள்ளிகள் கூட்டு அணி அமைக்க மாநிலப் பள்ளி விளையாட்டு லீக் அனுமதிக்கிறது. உங்கள் மாவட்ட உயர்நிலைப் பள்ளியிலோ பக்கத்து மாவட்டத்திலோ அணி இருந்தால் உங்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே சேர முடியுமா என்று கேளுங்கள். ஸ்கேட் ஸ்கீ, கோல், மெழுகு மேசை எல்லாம் அந்தக் கட்டத்தில் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். ஒரு வகுப்பிலிருந்து எத்தனை பேர் அணி வரை போவார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், அதை வைத்து உங்கள் வேலையை அளக்கும்படி முதல்வர் கேட்டால் மறுத்துவிடுங்கள். எத்தனை பேர் கடைசி வகுப்பிலும் வெளியே வந்தார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது மூன்று. உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளருக்கு மின்னஞ்சல், உடற்கல்வி ஆசிரியரோடு ஒரு பேச்சு, மாவட்டக் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் எல்லாப் பிள்ளைகளின் கால் அளவையும் சென்டிமீட்டரில் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஜனவரிக்குள் வளர்ந்துவிடும் என்பதால் ஒரு அளவு கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்வாப் சந்தைக்கு அந்தத் தாளோடு, கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். 36, 37, 38 அளவுப் பூட்ஸ்தான் முதலில் தீரும்.